வாய் மூடி நின்ற முப்பத்திரண்டு பேர்

தென்காசி,
16.11.2025, ஞாயிறு.

என் அன்பு மகள் ஷாரோனுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து மணியை உங்களுக்கென்றே ஒதுக்கிச் சொல்லி வருகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை, போன வாரம் செங்கோட்டைக்குப் போன இடத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கித் தின்றுவிட்டு வந்து, சும்மா ஒரு கை அள்ளினேன் என்கிறார். எதிர்வீட்டு ஜோதிலட்சுமி அக்கா மகளுக்கு ஆலங்குளத்தில் மாப்பிள்ளை முடிவாகிவிட்டது, தை மாதம் கல்யாணம், உனக்குப் பத்திரிகையைப் போனில் அனுப்புவார்களாம். மழை விட்டபாடில்லை, அருவியில் வெள்ளம் என்று நாலு நாளாகக் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் இருக்கட்டும். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ அம்மா, அம்மா என்று நடுவில் மறித்துவிடுகிறாய், காகிதத்தில் மறிக்க முடியாது என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்புவார், தாளையும் தபாலில் போடுவேன், இரண்டையும் படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டிசம்பரில் நான் அயர்லாந்துக்கு வரவில்லை, டிக்கெட்டை ரத்து செய்துவிடு. வேலையும் போச்சு, அவமானப்பட்டுக்கிட்டு அங்கன எதுக்கும்மா இருக்கிய, விட்டுட்டு வாங்க என்று சொன்னாய். வேலை போனது உண்மை. அவமானம் என்றாயே, அது எனக்கு இல்லை. யாருக்கு என்று இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்.

உனக்குத் தெரிந்ததெல்லாம் உன் சிநேகிதிகள் அனுப்பிய வீடியோவும் அரைகுறைப் பேச்சும்தான். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துக்குப் புது ஹெட்மாஸ்டராக ததேயுஸ் ஃபாதர் வந்தார். நாற்பது வயதுதான் இருக்கும், கெட்டிக்காரர், கெட்டவரும் இல்லை, வந்த ஒரே மாதத்தில் பத்து வருஷமாக நாறிக்கொண்டிருந்த கழிவறைகளைச் சரிசெய்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகஸ்டில் பள்ளியின் பவள விழா. சபையின் மாநிலத் தலைவர் வந்து திருப்பலி நிறைவேற்றுகிறார், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பழைய மாணவர்கள் யூடியூபில் நேரலையாகப் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரே அமளி. நான் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற நம் பாடற்குழுவில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை முப்பத்திரண்டு பையன்கள். எனக்கு வந்த சோதனை, அதில் ஏழு பேருக்கு ஒரே நேரத்தில் மகரக்கட்டு உடைந்துவிட்டது. அதிலும் மணிமுத்து. இலஞ்சிப் பையன், ஒன்பதாம் வகுப்பு, போன கிறிஸ்துமஸுக்கு அவன் தனியாக உச்சக் குரலில் சோப்ரானோ பாடியபோது கடைசி வரிசையில் கதை பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் மே மாத விடுமுறை முடிந்து வந்து வாயைத் திறந்தால் தவளையும் தகரமும் மாறி மாறிக் கத்துகிறது. "டீச்சர், எனக்கு என்ன ஆச்சி" என்று அழுதுவிட்டான். தினமும் சாயங்காலம் உட்கார வைத்துப் பாடவிட்டுப் பார்த்தேன், கீழே ஐந்து சுரம் மட்டும் அவனுக்கு நம்பிக்கையாக நின்றது. அந்த ஐந்துக்குள் அடங்குகிற மாதிரிப் பதிலுரைப் பாடலில் புதிதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தேன், மற்ற ஆறு பேருக்கும் அவரவர் தொண்டைக்குத் தக்கபடி எழுதினேன். பையன்களைக் குழுவிலிருந்து எடுக்கவில்லை, பாட்டைத்தான் மாற்றினேன்.

ஜூலை கடைசியில் ஃபாதர் ஒத்திகை பார்க்க வந்தார். அன்று பார்த்து மூன்று பேருக்கு வருகைப் பாடலின் நடுவில் குரல் கிறீச்சிட்டது, சின்னப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். மறுநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டு, மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் நல்ல பாடகர்களை வைத்து ட்ராக் எடுத்துவிடலாம், நம்ம பசங்க வெள்ளை அங்கி போட்டு அழகா நின்னு வாயை மட்டும் அசைச்சாப் போதும் டீச்சர், வீடியோவில யாருக்குத் தெரியப் போகுது என்றார். பசங்களுக்குத் தெரியுமே ஃபாதர் என்றேன். ஒரு நாள்தானே என்றார். இப்போது உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். பி.டி.ஏ. போட்ட தற்காலிக வேலை, இருபத்திரண்டு வருஷமாகத் தற்காலிகம், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் போய்விடுமே என்ற பயம். பையன்களிடம் போய், ஃபாதர் சொல்வதைக் கேளுங்கள், பெரியவர்கள் சொன்னால் காரணம் இருக்கும் என்று நானே சொன்னேன். மணிமுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பம் நீங்க எழுதித் தந்த வரி, டீச்சர்?" என்று கேட்டான். ஆர்மோனியத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குத்தான் நான் அவமானப்பட்டேன், ஷாரோன். அதற்குப் பிறகு ஒரு நாளும் இல்லை.

ஆகஸ்ட் ஒன்பது, சனிக்கிழமை காலை. நல்ல சாரல், கோவில் வாசல் பூராவும் குடை. பாடற்குழு பக்கம் நான் தேவையில்லை என்று பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். பவனி உள்ளே வந்தது, ஸ்பீக்கரில் வருகைப் பாடல் தொடங்கியது. குறை சொல்ல முடியாது, தேன் மாதிரிக் குரல்கள். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என்னை இடித்து, "அங்கன பாருங்க டீச்சர்" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். முப்பத்திரண்டு பேரும் வெள்ளை அங்கியில் நேராக நிற்கிறார்கள், முப்பத்திரண்டு வாயும் மூடியிருக்கிறது. ஒருவன் உதடுகூட அசையவில்லை. ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருவன் எங்கே சிரிப்பு வந்துவிடுமோ என்று உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்கிறான். பாட்டு முழங்குகிறது, பாடுகிறவர் யாரும் இல்லை. கேமராக்காரர் முகம் முகமாகத் தேடிப் பார்த்துவிட்டு வேறு வழியில்லாமல் கேமராவைப் பீடத்துப் பக்கம் திருப்பினார். கோவிலில் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ததேயுஸ் ஃபாதர் முகம் சிவந்துபோயிற்று. நான் சொல்லிக்கொடுத்துச் செய்தார்கள் என்று ஊரே சொல்லுகிறது, சத்தியமாக இல்லை, நான் சொல்லிக்கொடுத்தது அதற்கு நேர் எதிரான பாடம்.

முதல் வாசகம் முடிந்தது, அடுத்தது பதிலுரைப் பாடல். ட்ராக் போடுகிறவர் பதற்றத்தில் எந்தப் பாட்டு என்று லேப்டாப்பில் தேடிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் மணிமுத்து பாடினான். நான் எழுதிக் கொடுத்த அந்த ஐந்து சுரத்தில், உடைந்த குரலில், முதல் அடி தகரம்தான், பொய் சொல்ல மாட்டேன். இரண்டாவது அடியில் அடிக்குரல் பாடுகிற பேஸ் பையன்கள் சேர்ந்துகொண்டார்கள், மூன்றாவதில் டெனர். நடுக்குரல் பாடுகிற ஆல்ட்டோப் பையன்கள் எங்கே நுழைவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துத் தவித்தார்கள், அதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். கால் தானாக நடந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இதோ போகிறது இருபத்திரண்டு வருஷம் என்று நினைத்துக்கொண்டேதான் எழுந்தேன், தெரிந்தேதான் நடந்தேன். அவர்கள் முன்னால் போய் நின்று ஆல்ட்டோவுக்குக் கையைக் காட்டினேன். நுழைந்தார்கள் பார், ஷாரோன், அந்த நுழைவை நீ கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு திருப்பலி முடிகிற வரைக்கும் எல்லாப் பாட்டும் அவர்கள் வாயால்தான். அல்லேலூயாவில் சுருதி இறங்கிற்று, காணிக்கைப் பாட்டில் இரண்டு இடத்தில் கிறீச்சிட்டது, ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா கடைசியில் நின்றவர் பஸ் கண்டக்டர் வேலைப் பழக்கத்தில் விசில் அடிக்க விரலை வாய்க்குக் கொண்டுபோய்விட்டாராம், அப்புறம் கோவில் என்று ஞாபகம் வந்து சிலுவை போட்டுக்கொண்டாராம்.

திங்கட்கிழமை ஃபாதர் கூப்பிட்டார். நேரலையில் பள்ளியின் மானம் போயிற்று என்றார். நான்தான் பையன்களைத் தூண்டிவிட்டேன், வருந்துகிறேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் வேலையில் இருக்கலாம், இல்லையென்றால் பி.டி.ஏ. வேறு ஆள் பார்த்துக்கொள்ளும். பயம் போன இடம் தெரியவில்லை எனக்கு. "ஃபாதர், அவனுவ வாயை மூடினதுக்கு நான் காரணம் இல்ல, அந்தப் பெருமைய நான் எடுத்துக்கிட முடியாது. எந்திச்சி வந்ததுக்கு நான்தான் காரணம், அதுக்கு வருத்தம் இல்ல. எதைன்னு எழுதச் சொல்லுதிய?" என்று கேட்டுவிட்டு வந்தேன். ஆர்மோனியம் என் சொந்தப் பெட்டி, அப்பா ஆட்டோ பிடித்து வந்து தூக்கிப்போனார். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் நம் வீட்டு வாசலில் செருப்புக் குவியல். இருபத்தொன்பது பையன்கள் வந்திருந்தார்கள். மூன்று பேர் வரவில்லை, அவர்கள் வீட்டில் விடவில்லை, அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் பயந்தவள்தானே. மொட்டைமாடியில் பாடினோம், மழை வந்தால் அடுக்களை வரைக்கும் நின்று பாடினோம், ஜோதிலட்சுமி அக்கா சீரியல் கேட்கவில்லை என்று டிவியை அணைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் சிவனணைந்தபெருமாள் வந்தான். உனக்கு ஞாபகம் இருக்காது, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆல்ட்டோவில் நின்றவன், இப்போது ஐந்தருவி ரோட்டில் லாட்ஜ் வைத்திருக்கிறான். நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, "சீசன் முடிஞ்சிட்டு டீச்சர், சாப்பாட்டு ஹால் சும்மாதான கெடக்கு, வாங்க, எம்புட்டு வேணும்னாலும் கத்துங்க, அருவிச் சத்தத்துல ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றான். செப்டம்பர் கடைசியிலிருந்து சனிக்கிழமை தோறும் அங்கேதான். அப்பா பையன்களைப் பஸ்ஸில் ஏற்றி, தலை எண்ணி, ரைட் என்று குரல் கொடுத்துக் கூட்டி வருகிறார், சர்வீஸில் இருந்தபோதுகூட அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அந்த ஹால் சுவரெல்லாம் எண்ணெய்க் குளியல்காரர்களின் தைல வாசம், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் இரைச்சல். ஒருவன் பாடுவது அடுத்தவனுக்குக் கேட்க வேண்டுமென்றால் வயிற்றிலிருந்து எடுத்தால்தான் முடியும். இருபத்திரண்டு வருஷமாக நான் தொண்டை கிழியச் சொல்லியும் வராத மூச்சு இரண்டே மாதத்தில் வந்துவிட்டது.

இது ஃபாதர் காதுக்குப் போயிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெளியே குழு சேர்ந்து பாடினால் டி.சி. கொடுக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்தது. முந்தாநாள் வெள்ளிக்கிழமை, குழந்தைகள் தினத்தன்றே, பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். எனக்கு உள்ளே இடமில்லை, நான் வராந்தாவில் ஜன்னலோரம் நின்றேன், நிற்க உரிமையில்லை என்று வாட்ச்மேன் சொன்னான், என்னைத் தூக்கிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டு நின்றேன். ஃபாதர் ஒழுக்கம், கட்டுப்பாடு என்று அரைமணி நேரம் பேசினார். முடித்ததும் முப்பிடாதியம்மாள் எழுந்தாள். மணிமுத்துவின் அம்மா, மெயின் அருவிப் பக்கம் பழக்கடை போட்டிருக்கிறாள், சீசனில் மங்குஸ்தான், மற்ற நாளில் வாழைப்பழம். எழுத்து அவ்வளவாகத் தெரியாது, பேசினால் அருவி மாதிரி. "ஃபாதர், எம் மவன் உங்ககிட்ட படிக்க வந்தான். பாட்டும் நீங்கதான் படிச்சிக் குடுத்திய. இப்பம் பாடினா குத்தம்ங்கிய. சரி, டி.சி.யை எழுதுங்க. அதுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்லா, அந்தக் கட்டத்துல, பாடினான், அதான் அனுப்புதோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. நான் அதைக் கண்ணாடி போட்டு எங் கடையில மாட்டுதேன். ஊரு ஊரா அருவிக்கு வாரவன் எல்லாம் படிச்சிட்டுப் போவட்டும்" என்றாள். அடுத்து ஹாஜரா பீவி எழுந்தாள், அவள் பையன் ஏழாம் வகுப்பு, ஆல்ட்டோ. "எம் பிள்ளைக்கும் ஒண்ணு எழுதிருங்க ஃபாதர்" என்று அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எழுந்துகொண்டே இருந்தார்கள். என் வீட்டுக்கு அனுப்பாத மூன்று வீட்டுக்காரர்களில் ஒருவர், ஒரு போலீஸ் ஏட்டு, அவரும் எழுந்தார். டி.சி. என்ற பேச்சை ஃபாதர் அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் எடுக்கவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை நாங்கள் ஒத்திகையில் இருக்கும்போது ஹால் கதவு திறந்தது, ததேயுஸ் ஃபாதர் தனியாக, நனைந்த அங்கியோடு நிற்கிறார். சிவனணைந்தபெருமாள் ஓடிப்போய் நாற்காலியும் துண்டும் கொடுத்தான். பையன்கள் என்னைப் பார்த்தார்கள், நான் நிறுத்தச் சொல்லவில்லை, அவர்கள் நிறுத்தவும் இல்லை. மூன்று பாட்டுக் கேட்டார். கைதட்டவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து, அந்தப் பையன் சுருதி இன்னும் குறையுதே டீச்சர் என்றார், மணிமுத்துவைத்தான். "ஆமா ஃபாதர், குறையுதுதான். ஆனா அது அவன் சுருதி" என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்குப் பள்ளியில் பாடட்டும், ட்ராக் வேண்டாம், நீங்களும் ஜனவரியிலிருந்து வாங்க, ஃபைலில் வைக்க மட்டும் அந்த வருத்தக் கடிதம், நாலு வரி போதும் என்றார். நாலு வரி. அவர் மனதில் ஈரம் இல்லாமல் அந்த மழையில் அவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அந்த நாலு வரியை எழுதினால் முப்பத்திரண்டு பையன்களும் வாய் மூடி நின்றது யாரோ சொல்லிக்கொடுத்த கூத்து என்று ஃபைலில் ஏறிவிடும், நான் செத்த பிறகும் அது அங்கேயே இருக்கும். "கடிதம் இல்லாம கூப்பிட்டா நாளைக்கே வாரேன் ஃபாதர், கடிதத்தோடன்னா நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனார். வெளி வாசலில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அவர் போனதும் மணிமுத்து, "டீச்சர், அந்த எடத்துலேருந்து மறுபடியும் எடுப்பமா, எனக்கு இன்னும் ஏறல" என்றான். மறுபடியும் எடுத்தோம். ஏழு தரம் எடுத்தோம். ஏழாவது தரம் ஏறிற்று.

ஆக, எனக்கு வேலை இல்லை, ஆனால் வேலை நிறைய இருக்கிறது. இலஞ்சிப் பக்கத்தில் ஒரு சின்னக் கோவிலில் கிறிஸ்துமஸ் காலைத் திருப்பலிக்கு எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கே கீபோர்டும் இல்லை, மைக்கும் பாதி நாள் வேலை செய்யாதாம், எங்களுக்கு இரண்டும் தேவையில்லை. அதற்கு முன்னால் கேரல் ரவுண்ட்ஸ் போகிறோம். எந்த வீட்டில் ஆரம்பிப்பது என்று பையன்களிடம் கேட்டேன், முதல் பாட்டு ததேயுஸ் ஃபாதர் பங்களாவில்தான் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். கதவைத் திறந்தால் கேக் தருவார், திறக்காவிட்டால் இரண்டாவது பாட்டையும் அங்கேயே பாடுவோம். நீ வருத்தப்பட்டு அழாதே. உன் அம்மா தோற்றுப்போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டில் யாராவது சொன்னால், இந்தக் கடிதத்தைக் கையில் கொடு.

நைட் டூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றில் தூங்காதே, கஞ்சியாவது குடித்துவிட்டுப் படு. டாக்டர் சொன்ன வைட்டமின் மாத்திரையை மறக்காதே, அங்கே வெயில் இல்லை என்று நீயே சொல்கிறாய். காலுறை இல்லாமல் தரையில் நடக்காதே. மாப்பிள்ளையிடம் கோபமாக இருக்கிற அன்று அவர் வீட்டாரிடம் போன் பேசாதே. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனால் சும்மா நிற்காமல் வாயைத் திறந்து பாடு, பாஷை புரியாவிட்டாலும் பாடு. ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் தம் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும், நீங்கள் போகிற வழியிலும் வருகிற வழியிலும் மாதா துணை நிற்கட்டும். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு அவர் ஆசீர்வாதத்தையும் தனியாக எழுதச் சொல்கிறார், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஜெபமாலை டீச்சர்.